கைக்கெட்டும் தூரத்தில்

தமிழில் கூண்டு என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. கிளி ஜோதிடரின் பெட்டியிலிருந்து நீதிமன்றம் வரை அது எங்கு வந்தாலும், உள்ளே இருப்பவர் தம் விருப்பத்தின்பேரில் அங்கு வந்தவரல்லர் என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. கூடு அப்படியல்ல. அங்கே தாய் திரும்பி வருவாள். இடையில் ஒரு ணகர ஒற்றுதான் வேறுபாடு. இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றை இரவில் கம்பிப் பெட்டிக்குள் உறங்கப் பழக்க முனைந்த பத்து நாட்களில், அந்த ஒற்றெழுத்தைப் பற்றி நாங்கள் இருவரும் யோசித்ததுபோல் வேறெதைப் பற்றியும் யோசித்திருக்க மாட்டோம். (கடைக்காரர் அதைக் 'கேஜ்' என்றார். ஆங்கிலக் கையேடுகள் 'கிரேட்' என்கின்றன. எங்கள் வீட்டில் அது 'பெட்டி' என்றாயிற்று. சொல்லைத் தணித்தால் குற்றவுணர்வும் சற்றுத் தணியும் போலும்.)

செம்பி எங்கள் தெருவிலேயே பிறந்தவள். வாங்கியவளல்லள். ஐப்பசி மழைக்கு நடுவே, பல வருடங்களாக ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும் ஒரு மாருதி வேனின் அடியில், சாக்குத் துண்டு ஒன்றின்மேல் தாய்நாய் நான்கு குட்டிகளை ஈன்றது. ஒன்று மழையிலேயே போயிற்று. இன்னொன்று தண்ணீர் லாரியின் சக்கரத்தில். மூன்றாவதை இஸ்திரி வண்டிக்காரர் எடுத்துக்கொண்டார். எஞ்சியது செம்பு நிறமும் கரிய மூக்குமாக இந்தப் பெண் குட்டி.

தெருவில் பிறக்கும் குட்டிகளின் கணக்கு எத்தகையது என்பதற்குச் சான்று உண்டு. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவர்கள். அவர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஏழு மாதம் வரை உயிரோடிருந்தவை நூற்றுக்குப் பத்தொன்பது. பெரும்பாலான சாவுகளுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்களே காரணம். அதே ஆண்டில் அவர்களே வெளியிட்ட மற்றோர் ஆய்வு, தாய்நாய்கள் ஈன்றெடுக்கத் தேர்ந்துகொள்ளும் இடங்களைப் பற்றியது. மனித நடமாட்டத்திலிருந்து விலகிய இடங்களையல்ல, நம் வீடுகளை ஒட்டிய இடங்களையே அவை நாடுகின்றன என்கிறது அது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் சிறிது நேரம் பேச்சு வராது.

ஆகவே மார்கழி பாதி கடந்திருந்த ஒரு மாலையில் செம்பி மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு எட்டு வாரம் நிறைந்துவிட்டதா என்பதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டோம். எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் தடை செய்கின்றன. இங்கே விற்பனை என்று எதுவும் இல்லையென்றாலும் தாயிடமிருந்து பிரிப்பதற்கான கணக்கு ஒன்றுதானே.

பெட்டி ஏன் என்ற கேள்வியைப் பலரும் கேட்டார்கள். எங்கள் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியில் அவள் தலை நுழையும். தரையோரம் மின்கம்பிகள் ஓடுகின்றன. நாங்கள் உறங்கும் நேரத்தில் அவள் எங்கிருக்கிறாள் என்று தெரியாமல் ஓர் இரவுகூடக் கழிக்க இயலாது. இன்னொரு காரணமும் உண்டு. படுக்குமிடத்தை அசுத்தம் செய்யாதிருக்கும் இயல்பு பெரும்பாலான குட்டிகளுக்கு இருக்கிறது. எழுந்து நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடம் தரும் பெட்டியென்றால் வெளியே போகவேண்டும் என்பதைக் குட்டி குரல்கொடுத்துத் தெரிவிக்கும். பெரிய பெட்டியென்றால் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிவிட்டு மறுமூலையில் உறங்கிவிடும். வளர்ந்தபின்னும் பயன்படட்டுமென்று பெரிதாகவே வாங்கி, நடுவே தடுப்புத் தகட்டைச் செருகிப் பாதியாக்கினோம்.

எல்லா நாட்டவரும் இதை ஒரேவிதமாகப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் பெட்டிப் பழக்கம் நாய் வளர்ப்பின் அரிச்சுவடி. சுவீடனிலும் பின்லாந்திலும் பயணம், நோய் போன்ற காரணங்களன்றி வீட்டில் நாயைப் பெட்டியில் அடைத்து வைப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. பெட்டி என்பது பகல் முழுக்க நாயை மறந்துவிட்டு வேலைக்குப் போவதற்கான வசதியாக மாறிவிடும் என்ற அச்சம் அவர்களுடையது. நியாயமான அச்சம்தான்.

தொலைபேசியில் ஆலோசனை சொன்ன பயிற்சியாளர் ஒருவர், பெட்டியைக் கூடத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு உறங்கப் போய்விடுங்கள் என்றார். இரண்டு இரவு அழும், மூன்றாம் இரவு தானே அடங்கும். அழும்போது போனீர்களானால் அழுதால் வருவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை. அப்படி வளர்ந்து நன்றாகவே இருக்கும் நாய்களை நாங்களும் அறிவோம். ஆனால் அழுதால் வருவார்கள் என்பதை ஓர் இளம் உயிர் கற்றுக்கொள்வதில் என்ன கேடு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அன்றிரவே அம்மாவிடம் பேசினோம் (எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை). சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் நாய்களோடும் ஆடுகளோடும் வளர்ந்தவர். பெட்டி என்றதும் சிரித்தார். "நாங்களும் அடைச்சுதானே வச்சோம். கோழி பஞ்சாரத்தக் கவுத்து, உள்ள ஒரு சாக்கப் போட்டா குட்டி எங்கயும் போவாது" என்றார். அழாதா என்று கேட்டோம். "தாயப் பிரிஞ்சது அழாம பாடவா செய்யும்? அதுக்குத்தான் தாத்தா திண்ணையில பஞ்சாரத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டுப் படுப்பாரு. அழுதா கைய உள்ள விடுவாரு. பக்கத்துல ஆள் கெடக்கணும்லா?"

கையேடுகளில் நாங்கள் வாசித்த எதையும்விட இந்தக் கடைசிக் கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. பஞ்சாரமும் பெட்டியும் ஒன்றுதான். பெட்டியின் கம்பிக்கும் படுத்திருப்பவரின் கைக்கும் இடையே எத்தனை தூரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கூடத்தில் தனியே வைத்துக் கதவைச் சாத்தும் யோசனை, குழந்தையைத் தொட்டிலோடு தனியறையில் உறங்கவைக்கும் வீடுகளிலிருந்து பிறந்தது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றி 1985இல் எழுதிய நூல், அழும் குழந்தையிடம் போவதற்கான இடைவெளியைச் சிறிதுசிறிதாக நீட்டிக்கொண்டே போகச் சொல்கிறது. அங்கே அதன் பயன் என்னவாயினும், தூளியின் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு உறங்கிய பாட்டிகளின் வம்சத்தில் வந்தவர்களுக்கு அது சற்று அந்நியமாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் யாருமே தனியே படுத்ததில்லை. ஒரே அறையில் எட்டுப் பேர் வரிசையாகக் கிடந்தோம். நாய்க்குட்டி மட்டும் ஏன் தனித்திருக்கவேண்டும்?

இதை வெறும் ஊர்ப்பாசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்க்குட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965இல் ஃபுல்லருடன் சேர்ந்து பெருநூல் ஒன்றை எழுதிய ஜான் பால் ஸ்காட் என்பவர் இத்துறையின் முன்னோடி. குட்டி பிற உயிர்களோடு பற்றுக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று வகுத்தவர்களில் அவர் ஒருவர். அவரும் உடன்பணியாற்றியோரும் 1977இல் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: தனியே விடப்பட்டு அழும் குட்டியின் அழுகையை எது குறைக்கும்? தீனி வைத்துப் பார்த்தார்கள், பெரிதாகப் பலனில்லை. அழுகையை மிக அதிகம் குறைத்தது அருகே ஒரு மனிதர் இருப்பதுதான். அடுத்த ஆண்டு, 1978இல், யாக் பாங்க்செப்போடு ஸ்காட் இணைந்து எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி உள்ளே போயிற்று. பிரிந்த குட்டிக்கு மிகச் சிறிதளவு மார்ஃபின் கொடுத்தபோது அழுகை தணிந்தது. உடல்வலியைத் தணிக்கும் பாதையிலேயே பிரிவின் வலியும் தணிகிறது என்பதற்கான முதல் தடயங்களுள் அது ஒன்று. நள்ளிரவில் பெட்டிக்குள்ளிருந்து வரும் அழுகையைப் பிடிவாதம் என்று சொல்ல அதன்பின் நாவெழவில்லை.

அழவிட்டால் அடங்கும் என்பது உண்மை. ஆனால் அடங்குதல் என்பதில் இரண்டு வகை இருக்கிறது. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் தங்க நேர்ந்த குழந்தைகளைக் கவனித்த ராபர்ட்சனும் பௌல்பியும், முதலில் எதிர்ப்பு, பிறகு நிராசை என்று கட்டங்களாகப் பிரித்தார்கள். இரண்டாம் கட்டத்திற்கு வந்த குழந்தை அமைதியாக இருக்கும். பழகிக்கொண்டது என்று செவிலியர் மகிழ்வார்கள். மூன்றாம் இரவில் வரும் நிசப்தம் உறக்கமா கைவிடலா என்பதை மூடிய கதவுக்கு இப்பாலிருந்து எப்படி அறிவது?

பெட்டியைக் கட்டிலை ஒட்டி, இரண்டு மரமுக்காலிகளின்மேல் அசையாமல் கட்டி, எங்கள் தலையணையின் உயரத்திற்கே வைத்தோம். மூன்று பக்கம் பழைய போர்வையால் மூடி, கட்டிலை நோக்கிய பக்கத்தைத் திறந்துவிட்டோம். வேனின் அடியில் கிடந்த அந்தச் சாக்குத் துண்டைத் தெள்ளுப்பூச்சிக்கு அஞ்சி இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டு, உதறி உள்ளே விரித்தோம். துவைக்கவில்லை. துவைத்தால் தாயின் வாசனை போய்விடும். பகலெல்லாம் கதவு திறந்தே கிடந்தது. சோறும் முட்டையும் பெட்டிக்குள்தான். அவளாக உள்ளே போய் உறங்கிய பிற்பகல் ஒன்றில் கதவைச் சாத்தி, அவள் விழிக்கும் முன்பே திறந்தும் வைத்தோம்.

இரவு பதினொன்றுக்குக் கதவைச் சாத்தினோம். ஒரு நிமிடம் மௌனம். பிறகு தொடங்கியது. இத்தனை சிறிய உடலுக்குள் அத்தனை பெரிய குரல் எங்கிருந்தது என்று இன்றும் வியப்பாக இருக்கிறது. முதலில் முனகல், பிறகு கேள்விபோல் மேலெழும் ஒரு கீச்சு, பிறகு ஓலம். குறுந்தொகையில் ஔவையாரின் தலைவி ஒருத்தி, தன் துயரறியாது உறங்கும் ஊரை முட்டுவதா, தாக்குவதா, கூவுவதா என்று கேட்பாள். செம்பி மூன்றையுமே செய்தாள். கம்பியின் ஊடே இரண்டு விரல்களை நீட்டினோம். நக்கினாள், கடித்தாள், மறுபடி ஓலமிட்டாள். பேசவில்லை, விளக்குப் போடவில்லை, விரலை மட்டும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கீழே தெருவில் தாய்நாய் பதில்குரல் கொடுத்தது.

அதை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தபோது தெருவிளக்கின் அடியில் நின்று மேலே நோக்கிக்கொண்டிருந்தது. சில வாரங்களாகவே அது குட்டிக்குப் பால் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. அருகே வந்தால் பல்லைக் காட்டி விலக்கியும் விட்டது. எனினும் அந்தக் குரல் அதற்குத் தெரிந்த குரல். எங்களில் ஒருவர், கீழே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்றார். மற்றவர் நூற்றுக்குப் பத்தொன்பது என்றார். பிறகு இருவரும் எதுவும் பேசவில்லை. தாய்நாய் இன்னும் இரண்டு முறை குரைத்துவிட்டு வேனை நோக்கி நடந்தது. செம்பி ஒன்றரை மணியளவில் எங்கள் விரல் ஒன்றை வாயில் வைத்தபடியே உறங்கிப்போனாள். கை மரத்துப்போயிற்று.

இரண்டாம் இரவும் ஏறத்தாழ அப்படியே. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டுப் பெரியவர் அழைப்புமணியை அழுத்தினார். குடியிருப்பில் நாய் வளர்ப்பதை நலச்சங்கங்கள் தடைசெய்ய இயலாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதன் நகல்கூட எங்களிடம் இருந்தது. ஆனால் உறக்கம் இழந்த முகத்தின் முன்னால் சுற்றறிக்கையை நீட்டுவது நாகரிகமா? அவர் உரக்கவும் பேசவில்லை. "நாய் வளர்க்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. எனக்கு மாத்திரை போட்டாத்தான் தூக்கமே. இது அழ ஆரம்பிச்சா மாத்திரையும் வேலை செய்யல. ஒரு வாரம் பார்ப்போம். அப்புறம் வேற ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க" என்றார். வேறு ஏற்பாடு என்பது மாருதி வேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சரி சார் என்றோம்.

அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றது, அழுகைகளைப் பிரித்தறிவது. படுக்கப் போகும்போது வரும் முனகல் ஒருவகை. அது இறங்குமுகமானது. விரல் இருந்தால் போதும், தானே தேய்ந்து ஓயும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து திடீரென எழுந்து, சுற்றிச்சுற்றி வந்து, கூர்மையாக ஒற்றைக் குரலில் அழைப்பது இன்னொரு வகை. அது சிறுநீருக்கானது. அதைக் காக்கவைக்கலாகாது. எத்தனை மாத வயதோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் குட்டி எத்தனை மணிநேரம் தாங்கும் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். செம்பிக்கு மூன்று. ஆகவே அவள் அழைக்கும் முன்பே, இரண்டு மணிக்கும் நாலரைக்கும் அலாரம் வைத்து எழுந்தோம். தடுப்பூசிகள் முடியாததால், பார்வோ வைரசுக்கு அஞ்சி, தெருவில் இறக்க முடியாது. மொட்டைமாடிதான். மூலையில் மண் நிரப்பிய பழைய தட்டு ஒன்று வைத்திருந்தோம். தூக்கிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, ஒரு சொல்கூடப் பேசாமல் நின்று, காரியம் முடிந்ததும் திரும்பிவருவது. விளையாட்டோ கொஞ்சலோ கிடையாது. இரவு என்பது ஒன்றும் நிகழாத நேரம் என்று அவளுக்குத் தெரியவேண்டுமல்லவா! மார்கழிப் பனியில் உறங்கும் நகரத்தைப் பார்த்தபடி, ஒரு சிறு உயிர் சிறுநீர் கழிப்பதற்காக மரியாதையுடன் காத்து நின்ற அந்த நிமிடங்களை நாங்கள் இருவருமே ஏனோ விரும்பத் தொடங்கிவிட்டோம். நாலரைக்கு மாடியில் நிற்கும்போது பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்கும். செம்பி காதுகளைத் தூக்கி அந்தத் திசையைப் பார்ப்பாள்.

ஐந்தாம் இரவு பதினைந்து நிமிட முனகலோடு உறங்கினாள். ஆறாம் இரவு மறுபடி ஓலம். அன்று பகலில் விருந்தினர் வந்து அவளை உறங்கவே விடவில்லை. களைத்த குட்டி நன்றாக உறங்கும் என்பது சரி, மிகையாகக் களைத்தது உறங்காது. கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஏழாம் இரவு முக்காலிகளை எடுத்துவிட்டுப் பெட்டியைத் தரையில் வைத்தோம். இப்போது எங்கள் முகம் தெரியாது. கட்டிலிலிருந்து தொங்கும் கை மட்டும் தெரியும். கையைப் பார்த்துக்கொண்டே உறங்கினாள். எட்டாம் இரவு நாலரை வரை ஒரு சத்தமும் இல்லை. நாங்கள்தான் உறங்கவில்லை. மூச்சு விடுகிறாளா என்று மாறிமாறி எழுந்து பார்த்தோம். அவள் வயிறு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உறக்கத்தில் கால்கள் ஓடின.

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவரை மின்தூக்கியில் சந்தித்தோம். சற்றுத் தயங்கிவிட்டு, "குட்டியைத் திருப்பிக் கொடுத்திட்டீங்களா?" என்றார். குரலில் ஏதோ ஒரு சங்கடம் இருந்தது. இல்லை சார், உறங்குகிறாள் என்றோம். "ஓ" என்றார். இரண்டு தளம் கடந்தபின், "நான் சொன்னதுக்காகக் கொடுத்துடலையே" என்றார் மறுபடியும். வந்து பாருங்கள் என்றோம். வந்தார். பெட்டிக்கு வெளியே அமர்ந்து, சட்டைப்பையிலிருந்து மாரி பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினார். குட்டிகளுக்கு பிஸ்கட் ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கொடுத்த வாரம் முடியும் நாள் போகி. விடியலில் குடியிருப்புப் பிள்ளைகள் மேளத்தோடு இறங்கிவிட்டார்கள். பழைய பாயும் டயரும் எரியும் புகை மூன்றாம் மாடி வரை ஏறியது. மொட்டைமாடிக்குப் போய்வந்து கூடத்தில் நின்றிருந்த செம்பி முதல் மேளச் சத்தத்தில் நடுங்கி, எங்கள் கால்களுக்கு இடையே ஒரு கணம் நின்றாள். பிறகு படுக்கையறைக்குள் ஓடினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தபோது, திறந்து கிடந்த பெட்டிக்குள் சாக்குத் துண்டின்மேல் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை. போர்வையை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டோம்.

பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தோம். புகைக்கு நடுவே தாய்நாயும் மேளத்திற்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தது. வேனின் சக்கரத்தருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, வயிற்றைத் தரையோடு ஒட்டி, அதன் அடியில் நுழைந்துகொண்டது.